எழுத்துமூலம் சம்மதித்தாலன்றி

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். ஆறு வருடம் இருந்துவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. கேட்க உரிமை உள்ள ஒரே ஆளிடம் சொல்லிவிடலாம் என்று போன வாரம் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப் போனேன். அவன் தெருமுனை வரை நடந்தேன். அவன் வீட்டு வாசலில் பைக் நிற்பதைப் பார்த்ததும் திரும்பி நடந்து, வந்த பஸ்ஸிலேயே ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன்னிடம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "சொல்லுப்பா" என்று ஆரம்பிப்பாய், பின்னால் யாராவது கூப்பிடுவார்கள், "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுவாய். பாதியில் நிறுத்தினால் மீதியைச் சொல்ல எனக்கு மறுபடி தைரியம் வராது. அதனால் எழுதுகிறேன். முப்பது வருடம் அலுவலகத்தில் குறிப்பெழுதிய கை இது. நடுவில் குறிப்பு நடை தலைகாட்டினால் பொறுத்துக்கொள்.

போன பௌர்ணமிக்கு நீ ஆபீஸ் நண்பர்கள் இருவரோடு கிரிவலம் சுற்ற வந்தாய். சாயங்காலம் கிளம்பும் முன் உன் அம்மா போண்டா சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ லேப்டாப்பைத் திறந்து வைத்து, உன் சீனியர் வக்கீலிடம் தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகள் சங்கம் ஒப்படைத்திருக்கும் வேலையைப் பற்றிச் சொன்னாய். சாதாரண ஜனங்களின் மருத்துவச் செலவைக் குறைக்க ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வருகிறது, அதை ஆராயும் சட்டமன்றத் தேர்வுக்குழு எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறது, சங்கத்தின் ஆட்சேபணையை எழுதும் பொறுப்பு உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது என்றாய். கட்டணப் பலகை வைக்க வேண்டும், சேர்க்கும் முன் செலவு எவ்வளவு ஆகும் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும், பணம் பாக்கி என்று பிணத்தைப் பிடித்துவைக்கக் கூடாது. இதிலெல்லாம் சங்கத்துக்குப் பெரிய தகராறு இல்லையாம்.

"ஆறாவது பிரிவுதான்பா பிரச்சன. காப்பீட்டு அட்டை இருக்கிற பேஷண்ட்டு, அட்டை வேணாம், கைக்காசு கட்டிக்கறேன்னு எழுதிக் குடுத்தா, அந்தக் கையெழுத்தே செல்லாதுன்னு போட்டிருக்காங்க. ஒருத்தன் தெரிஞ்சே போட்ட கையெழுத்த சட்டமே செல்லாதுன்னு சொன்னா, அப்புறம் எந்தக் கையெழுத்துக்குப்பா மரியாத?"

அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லிக் கேட்டால் பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே எடுக்கச் சொல்லவில்லை, நான்கே சொல் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம் என்று படித்துக் காட்டினாய். 'நோயாளியோ உடனிருப்பவரோ எழுத்துமூலம் சம்மதித்தாலன்றி.' யார் எழுதியது என்று கேட்டேன். "நான்தாம்பா. சீனியர் ஒரு வார்த்த மாத்தல." உன் நண்பன் போண்டாவை வாயில் வைத்துக்கொண்டே, "அங்கிள், இவன் டிராஃப்ட் போட்டா செவுரு கூட சம்மதிச்சி கையெழுத்து போட்டுடும்" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். "நல்லா எழுதியிருக்க" என்றேன். பிறகு எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடும் வரை அதை அணைக்கத் தோன்றவில்லை. நீங்கள் நடக்கப் போய்விட்டீர்கள். உண்மையிலேயே நன்றாகத்தான் எழுதியிருந்தாய். எனக்கு பயம் வந்ததே அதனால்தான். உன் கையில் என் கை தெரிந்தது.

உன் கீழ்பென்னாத்தூர் அத்தையைப் பற்றி உனக்குத் தெரிந்தது எல்லாம் நான் சொன்னதுதான். நீ அப்போது சட்டக் கல்லூரி விடுதியில் இருந்தாய். வேர்க்கடலை காயப்போட்ட களத்தில் வழுக்கி விழுந்து அவள் இடுப்பு எலும்பு உடைந்தது என்றும், நான்தான் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்தேன் என்றும், அந்த ஆஸ்பத்திரிக்காரன் அவசரத்தில் எதையோ நீட்டிக் கையெழுத்து வாங்கி ஏமாற்றிவிட்டான் என்றும், அத்தை மகன் நன்றி இல்லாதவன், அவன் அம்மாவுக்கு ஓடி ஓடிச் செய்த என்னையே ஆபீசுக்கு வந்து அவமானப்படுத்தினான் என்றும் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த வீட்டோடு நமக்குப் போக்குவரத்து இல்லை. அவன் பெண்ணின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. நான் பிரிக்கவே இல்லை. உனக்குத் தெரியும், யார் எந்தக் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்பது வரை எனக்கு நினைவிருக்கும். எனக்குக் கீழே வேலை பார்த்தவன் எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கிய வருடம், மாதம் எல்லாம் சொல்வேன். இப்படி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவன் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்றால், அது மறதியால் அல்ல.

நடந்தது இது. அத்தையை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். அவள் மகன் வேன்காரருக்குப் பணம் கொடுக்க வெளியே நின்றான். நான் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ஸ்கீமா, கேஷா சார்?" அவ்வளவுதான் கேள்வி. ஸ்கீம் என்றால் அரசுக் காப்பீட்டு அட்டை. அதற்கு அனுமதி வரும்வரை மாடிப்படி ஓரத்தில் இருக்கும் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கேஷ் என்றால் உடனே அறை. அத்தையிடம் அட்டை இருந்தது. முகாம் போட்டபோது அவளே வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் கடையில் லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள். அந்தப் போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிறவள் போல இருப்பாள். அதை ஊரெல்லாம் காட்டிச் சிரிப்பாள். வலியில் கிடக்கும்போதும் சுருக்குப் பையிலிருந்து அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், கார்டு இருக்குதுன்னு சொல்லுடா அந்தப் பொண்ணுகிட்ட."

நான் அந்த பெஞ்சைப் பார்த்தேன். அங்கே எங்கள் அலுவலக உதவியாளர் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தினம் இரண்டு வேளை டீ வாங்கி வருகிறவர். நான் கண்காணிப்பாளராகி இருபது நாள்கூட ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மனைவியைத் தள்ளி உட்காரச் சொன்னார். "சார், நீங்களும் கார்டுங்களா? வாங்க சார், இங்க எடம் இருக்குது." முழு அன்போடுதான் சொன்னார். என் முகம் எரிந்தது. அவர் பக்கத்தில் அந்த பெஞ்சில் நான் உட்கார வேண்டும் என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல இல்ல, கேஷ்தான்" என்றேன். கவுண்டர் பெண்ணிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னேன். அத்தை தலையைத் தூக்கப் பார்த்தாள். "ஏன்டா, கார்டு போட்டா கேவலமாடா?" "நீ கம்முனு இரு அக்கா" என்றேன்.

கவுண்டர் பெண் ஒரு தாள் நீட்டினாள். ஆங்கிலத்தில் எட்டு வரி. அரசுத் திட்டம் எங்களுக்கு விளக்கப்பட்டது, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அதை வேண்டாம் என்கிறோம், பின்னால் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம். நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதாக உன்னிடம் சொன்னேன். பொய். எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். எட்டு வரியையும் படித்தேன். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது, அதைக்கூடக் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் போட்டேன், தேதியோடு. அத்தையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அட்டை அவளுடையது, உடம்பு அவளுடையது, நினைவும் தெளிவாக இருந்தது. ஆனால் தாளில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் என் பெயர் போதுமானதாக இருந்தது. உன் நான்கு சொற்களில் இரண்டாவது சொல் அது.

எங்கள் உதவியாளரின் மனைவி அட்டையிலேயே ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் வீட்டுக்குப் போனாள். போகும்முன் அவர் கோயில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து எங்கள் அறையில் கொடுத்தார். "ஏ.சி. ரூமுங்களா சார்" என்று சுற்றிப் பார்த்தார். அத்தைக்குப் பதினோராம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள். என் சேமிப்பு முதல் ஆபரேஷனிலேயே தீர்ந்திருந்தது. கவுண்டருக்குப் போய் இனி அட்டையில் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒரு தடவ கேஷ்னு எழுதிட்டா மாத்த முடியாதுங்க சார். நீங்கதான கையெழுத்து போட்டீங்க?" அவள் கேலியாகச் சொல்லவில்லை. ஃபைலைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினாள். அத்தை மகன் ஏரிக்கரை ஓரத்து நிலத்தை விற்றான். அட்டையில் முடிந்திருக்க வேண்டிய ஒரு எலும்பு முறிவுக்கு ஒரு குடும்பத்தின் வேர்க்கடலை நிலம் போயிற்று. அத்தையிடம் மறைத்தோம். யாரோ பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவள், "என்ன ஊட்டுக்கு இட்டுனு போங்கடா, நான் செத்தாலும் இந்த ரூம்ல சாவ மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

வீட்டுக்குப் போனபின் மாதாமாதம் காட்டச் சொன்னார்கள். ஒரு முறைகூட வரவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்காவது வா என்று மகன் கெஞ்சியிருக்கிறான். கவுண்டர் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வேர்த்துவிடுமாம். "அங்க போனா ஒண்ண நீட்டுவாங்க, எவனாவது கையெழுத்து போடுவான்" என்பாளாம். 'எவனாவது' என்று அவள் சொன்னது என்னைத்தான். எட்டு மாதம் இருந்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்து, கடைசியில் விடவே இல்லை. சாவு வீட்டில் அவள் தலைமாட்டில் நின்று நான் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். எதற்காக அழுகிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மகனுக்கும் தெரிந்திருக்கிறது.

இது வரைக்குமாவது நீ என்னை மன்னிக்கலாம். கௌரவம் பார்த்த ஒரு மனுஷன் செய்த முட்டாள்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து எழுதப் போவதற்கு அப்படி ஒரு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. என் வேலை உனக்குத் தெரியும். ஜனங்கள் அனுப்பும் மனுக்கள் வரும் பிரிவு. எந்த அலுவலகம் என்று இங்கே எழுத வேண்டாம். கையெழுத்து இல்லாமல் வரும் மனுவை நாங்கள் மொட்டை பெட்டிஷன் என்போம். அதன் மேல் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை. 'கையொப்பமற்ற மனு, மேல்நடவடிக்கை கைவிடலாம்' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பினால் கதை முடிந்தது. அத்தை இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் வந்த தபாலில் நான்கு பக்க மனு ஒன்று இருந்தது. அட்டை உள்ள நோயாளியிடம் இப்படி எழுதி வாங்கலாமா, இதை விசாரிக்க வேண்டும், என் அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று. அத்தை மகனின் எழுத்து. மூன்றாம் பக்கத்தில், 'என் தாய்மாமன் படித்தவர், அவரே கையெழுத்துப் போட்டார், அவரையும் விசாரிக்கவும்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'இப்படிக்கு' என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தான். எழுதி முடித்து, பிறகு போடலாம் என்று வைத்து, மறந்து உறையில் போட்டிருக்க வேண்டும். பேர் இல்லை, கையெழுத்து இல்லை.

ஒரு போன் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் பஸ் ஏறி வந்து போட்டிருப்பான். அன்று மத்தியானம் முழுவதும் அந்த நான்கு பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். சாப்பிடவில்லை. விசாரணை வந்தால் அந்தத் தாள் வெளியே வரும், தாளில் என் கையெழுத்து இருக்கும், அந்த பெஞ்சு, அந்த உதவியாளர் எல்லாம் வரும். கண்காணிப்பாளர் தன் அக்காவின் அட்டையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் என்று ஆபீஸ் முழுக்கப் பேசும். பயந்தேன். சிவப்பு மையில் அந்த ஒரு வரியை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். விதிப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் ஆபீசுக்கே வந்தான். என் மேசைக்கு முன்னால் நின்றான்.

"மாமா, எங்க மனு இன்னா ஆச்சி?"

"அதுல கையெழுத்து இல்லடா. கையெழுத்து இல்லாத மனு மேல ஒண்ணும் செய்ய முடியாது. அது ரூலு."

"என் எழுத்து உனக்குத் தெரியாதா? அது நான்தான்னு உனக்குத் தெரியாதா மாமா?"

"ஆபீஸ்ல வந்து சத்தம் போடாத. வேணும்னா இன்னொண்ணு எழுதிக் குடு."

அவன் சத்தம் போடவில்லை. நான்தான் போட்டேன். உதவியாளர் கையில் டீ டம்ளரோடு கதவருகில் நின்றுவிட்டார். "போடக் கூடாத எடத்துல உன் கையெழுத்து இருந்துது, எங்கம்மா போயிட்டா. போட வேண்டிய எடத்துல என் கையெழுத்து இல்ல, மனுவும் போயிடுச்சி," என்றான். பிறகு, பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றே பேசியவன், முதல் முறையாக மரியாதை போட்டான். "நல்லா படிச்சிருக்கீங்க மாமா. போயிட்டு வரேங்க." இதைத்தான் உன்னிடம் அவமானப்படுத்தினான் என்று சொன்னேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். எனக்கு உடம்பு சரியில்லை. கிரிவலப் பாதையில் காலையில் நடப்பேன் இல்லையா, இரண்டு மாதமாக அடி அண்ணாமலை வரைக்கும்கூடப் போக முடிவதில்லை. கரும்புச் சாறு கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறேன். இடது தோளிலிருந்து தாடை வரை ஏதோ இழுக்கிறது. "இன்னாங்க, ரெண்டு படி ஏறுனதுக்கே மூச்சு வாங்குது?" என்று உன் அம்மா கேட்கிறாள். வெயில் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் போய்க் காட்டினேன். இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். "தள்ளிப்போடாதீங்க சார். வரும்போது பையன கூட்டிட்டு வந்துடுங்க, கையெழுத்து போடறதுக்கு" என்றார் டாக்டர். என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் காப்பீட்டின் பட்டியலில், இந்தச் சிகிச்சைக்கு நம் ஊரில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. எது என்று உனக்குப் புரிந்திருக்கும். கவுண்டரில் இப்போது வேறு பெண். ஸ்டென்ட்டுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறதே, மீதியெல்லாம் காப்பீட்டிலேயே அடங்கிவிடுமா என்று கேட்டேன். "ஸ்டென்ட்டுக்கு வெல வெச்சிட்டாங்க சார். மத்ததுக்கெல்லாம் வெக்கலயே. டிஃபரன்ஸ் நீங்களே கட்டிக்கிற மாதிரி ஒரு லெட்டர் குடுத்துடுங்க, எல்லாரும் குடுக்கறதுதான்" என்று தாளை எடுக்கப் போனாள். பையன் வரட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறிவிட்டேன். கட்டணப் பலகை ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள்.

சாவுக்கு பயப்படுகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பயம்தான். ஆனால் படுக்கும்போதெல்லாம் கண்முன் வருவது வேறு காட்சி. நான் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறேன். நீ நல்ல சட்டையில் கவுண்டர் முன் நிற்கிறாய். மரியாதையாகப் பேசும் ஒரு பெண் உன்னிடம் தாளை நீட்டுகிறாள். நீ முழுக்கப் படிக்கிறாய், எழுத்துப்பிழையைக்கூடக் கவனிக்கிறாய். அப்பாவுக்கு இதுகூடச் செய்யாமலா என்று போட்டுவிடுகிறாய். நான் வேண்டாம் என்கிறேன். நீ "கம்முனு இருப்பா" என்கிறாய்.

உன் வாதத்துக்கு இது தெரியாது. தெரிந்து போட்ட கையெழுத்துக்கு மரியாதை வேண்டும் என்கிறாய். என்னைவிடத் தெரிந்து போட்டவன் யார்? ஒரு எழுத்தும் புரியாமல் பெருவிரல் வைத்தவர்களுக்காகத்தான் இந்தப் பிரிவு என்று நீ நினைத்தால் அது தவறு. எனக்காகவும்தான் அது வேண்டும். கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவன் ஒப்பந்தம் பேசுகிறவன் அல்ல. அவனுக்குப் பின்னால் ஒருவர் வலியில் கிடக்கிறார், பக்கத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பயத்திலோ வெட்கத்திலோ போடுவதைச் சம்மதம் என்கிறீர்கள். அன்றைக்கு அந்தத் தாள் செல்லாது என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் அந்தப் பெண் அதை நீட்டியே இருக்க மாட்டாள். "ரூல் சார், கார்டு இருந்தா கார்டுதான்" என்றிருப்பாள். நானும் வேறு வழியில்லை என்று முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு அந்த உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்து பழகியிருப்பேன். சட்டங்கள் எப்படிச் சாகின்றன என்று முப்பது வருடமாகப் பார்க்கிறேன். யாரும் வெட்டுவதில்லை. நடுவில் ஒரு 'அன்றி' சேர்ப்பார்கள், பிறகு பிரிவு முழுவதும் அழகாக அப்படியே இருக்கும், ஒருவருக்கும் பயன்படாது. மசோதாவே வராமல் போவதைவிட உன் நான்கு சொல்லோடு வருவது மோசம். இல்லாத உரிமையை யாரும் எழுதி வாங்க முடியாது. இருக்கும் உரிமையை எழுதி வாங்க ஒரு தாள் அச்சடித்தால் போதும்.

வேலையை விடு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த மாதக் கடைசிவரை கருத்து அனுப்பலாம் என்றாய். அதற்குள் உன் சீனியரிடம் போய் அந்தப் பத்தியை என்னால் எழுத முடியாது என்று சொல். வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். இவ்வளவு நன்றாக எழுத மாட்டார்கள். அதற்குப் பிறகு கீழ்பென்னாத்தூருக்கு ஒரு முறை போ. தெருமுனையில் திரும்பாதே. அவன் மனுவை நான்தான் மூடினேன், வேண்டுமென்றே மூடினேன் என்று சொல். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நில். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வரும்போது தாளை நீட்டினால், தாளை என்னிடம் கொடு, பேச முடியும் நிலையில் நான் இருந்தால் என்னைக் கேள். இதற்கு மேல் எனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.

இதை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று தேர்வுக்குழுவின் செயலாளருக்கு. அவர்களும் கருத்துத்தானே கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் யார் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அரசு வேலையில் இருந்துகொண்டு மசோதாவைப் பற்றி எழுதினால் என்னைக் கேள்வி கேட்பார்கள். உன் பெயர் தெரிந்தால் உன் வேலை போகும். அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால், அடுத்த மாதம் நான் அவர்கள் மேசையில்தான் நெஞ்சைக் காட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஆகவே கையெழுத்து இல்லை. இந்த வயதில் எனக்கு வீரம் வரப்போவதில்லை. செயலாளர் அலுவலகத்தில் இதற்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் போல ஒருவர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவார். ஆனால் ஒன்று சொல்கிறேன். கையெழுத்துப் போட்ட மனுக்களை நான் மேலே 'பொருள்' என்ற வரியை மட்டும் பார்த்து உரிய பிரிவுக்கு அனுப்பிவிடுவேன். மொட்டை பெட்டிஷனைத்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். அவரும் படிப்பார்.

உன் பிரதியை நீயும் அப்படியே மூடிவிடலாம். கையெழுத்து இல்லாத கடிதம், யாரோ எழுதியது, நடவடிக்கை தேவையில்லை என்று ஒதுக்கினால் சட்டப்படி உன்மேல் குற்றம் இல்லை. அவன் என்னைக் கேட்டதைத்தான் நான் உன்னைக் கேட்க முடியும். என் எழுத்து உனக்குத் தெரியாதா? இது நான்தான் என்று உனக்குத் தெரியாதா? காலையில் நடக்கப் போகும்போது இரண்டு உறைகளையும் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். 'இப்படிக்கு' என்று எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,